வில்லோடு மலையேறி மியூல் மான் தேடுகிறவர்களுக்கு

புதிதாக வருகிறவர்கள் எந்த வில் வாங்கலாம், எந்த மலைக்குப் போகலாம் என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது வேறு. மான் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறைச்சி கெடுவதற்குள் அதை வண்டி வரைக்கும் எப்படிக் கொண்டுவருவீர்கள்?

வளர்ந்த ஓர் ஆண் மியூல் மானில் எலும்பு நீக்கி 25 முதல் 35 கிலோ இறைச்சி தேறும். கூடாரம், படுக்கை, உணவு, வில் என்று உங்கள் முதுகில் ஏற்கெனவே 20 கிலோ இருக்கும். இரண்டையும் ஒரே நடையில் சுமக்க முடியாது. இறைச்சியோடு ஒருமுறை இறங்கி, வெறும் பையோடு திரும்ப ஏறி, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மறுபடி இறங்க வேண்டும். வண்டி 8 கிலோமீட்டரில் நின்றால் மொத்தம் 24 கிலோமீட்டர் நடை. அதுவும் பாதையே இல்லாத கற்சரிவில். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம், யாரைக் கூட்டிப்போகலாம், எத்தனை நாள் வேண்டும் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும். தனியாகப் போகிற புதியவருக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. இருவராகப் போனால் 8 வரை போகலாம்.

நான் எழுதுவது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தை, அதிலும் அதன் தென்மேற்கில் உள்ள சான் ஹுவான் மலைகளை மனத்தில் வைத்து. யூட்டா, நெவாடா, ஐடஹோ, வயோமிங் மலைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். விதிகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மானைப் பற்றிக் கொஞ்சம்

மியூல் என்றால் கோவேறு கழுதை. அதன் காதுபோலப் பெரிய காது இருப்பதால்தான் இந்த மானுக்கு இந்தப் பெயர். வாலின் நுனி கறுப்பு. கொம்பு ஒரே தண்டிலிருந்து கிளை விடாது. முதலில் இரண்டாகப் பிரியும், பிரிந்த ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகும். பயந்தால் நான்கு காலையும் ஒன்றாக ஊன்றி, பந்துபோலத் துள்ளித் துள்ளிச் சரிவில் ஏறிவிடும். நம்மைக் கண்டு துள்ள ஆரம்பித்த மானை அன்றைக்கு மறந்துவிடலாம்.

கோடையில் வளர்ந்த ஆண் மான்கள் பெண் மான்களை விட்டுப் பிரிந்து, மூன்று, நான்கு என்று சிறு கூட்டமாக மரவரம்புக்கு மேலே போய்விடும். சான் ஹுவானில் மரங்கள் நின்றுபோகும் உயரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். அதற்கு மேலே பனி உருகிய கிண்ணம் போன்ற பள்ளங்களில் சிறு செடிகளும் தளிரும் பச்சென்று இருக்கும். மியூல் மான் புல்லைவிட இலை, தளிர், சிறு செடிகளையே அதிகம் தின்னும் விலங்கு. ஆகஸ்ட் முழுவதும் கொம்பின்மேல் வெல்வெட் போன்ற மென்தோல் மூடியிருக்கும். அது உரசி உதிர்வது ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள்.

இந்த ஒரு மாற்றம்தான் முழு வேட்டையையும் தீர்மானிக்கிறது. மென்தோல் இருக்கும்வரை மான் திறந்த வெளியில் சாவகாசமாக மேயும், ஒரே பள்ளத்தில் பல நாள் தங்கும். தோல் உதிர்ந்து கொம்பு கடினமானதும் மரநிழலை நாடிப் போய்விடும். கூட்டமும் கலையும். கொலராடோவில் வில் வேட்டைக் காலம் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து மாதக் கடைசி வரை. விடுப்பு எடுக்க ஒரே ஒரு வாரம்தான் கிடைக்கும் என்றால் முதல் வாரத்தையே எடுங்கள். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும் அழகைப் பார்க்கக் கடைசி வாரம் போகலாம், மானைப் பார்ப்பது அப்போது கடினம்.

உரிமம்: ஜனவரியிலேயே உட்காருங்கள்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே நமக்குக் குற்றத்தோடு சேர்ந்துதான் காதில் விழுகிறது. அமெரிக்க மேற்கில் ஏற்பாடு வேறு. இங்கே ஒவ்வொரு மாநிலமும் மான்களைக் கணக்கெடுத்து, எந்தப் பகுதியில் எத்தனை எடுக்கலாம் என்று முடிவுசெய்து, அந்த எண்ணிக்கைக்குத்தான் டேக், அதாவது ஒரு மானை எடுக்க அனுமதிக்கும் சீட்டு, தருகிறது. உரிமக் கட்டணமும், 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிகள்மீதும் பின்னாளில் வில், அம்புகள்மீதும் விதிக்கப்பட்ட வரியும் வனவிலங்குத் துறைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. உங்கள் டேக் இந்த ஏற்பாட்டின் ஒரு கண்ணி. அதை மதித்து நடக்கத் தயாராக இல்லாதவர் வில்லைத் தொடவே வேண்டாம்.

கொலராடோவில் மான் டேக்கெல்லாம் குலுக்கல் முறைதான். வேலை நடக்கும் வரிசை இது. முதலில் வேட்டைக் கல்வி வகுப்பு: 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் இது கட்டாயம். பிறகு மார்ச் மாதத்தில், மாநில வனவிலங்குத் துறையின் தளத்தில், எந்த யூனிட் (வேட்டைக்காக மாநிலம் பிரித்துவைத்த பகுதி), எந்தக் காலம் என்று தேர்ந்து விண்ணப்பம். ஏப்ரல் தொடக்கத்தில் கதவு மூடிவிடும். கிடைக்காவிட்டால் ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும், அடுத்த ஆண்டு வாய்ப்புக் கூடும். புகழ்பெற்ற யூனிட்டுகளுக்குப் பல ஆண்டுப் புள்ளிகள் வேண்டும். முதல்முறை போகிறவர் புகழைப் பார்க்காமல், குறைந்த புள்ளியிலேயே கிடைக்கும் யூனிட் ஒன்றை எடுத்து, அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிப் போவது நல்லது. பழகிய பள்ளம் தருகிற பாடத்தைப் புள்ளி தராது.

விசாவில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். உரிமம் வாங்கக் குடியுரிமை தேவையில்லை. மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம். வெளி மாநிலத்தவருக்குப் பல மடங்கு. வயோமிங்குக்குப் போக நினைக்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கூட்டரசு அறிவித்த வனப்பாதுகாப்புப் பகுதிகளில் வெளி மாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டையாட வேண்டுமென்றால், உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசி ஒருவரோ கூட இருக்க வேண்டும்.

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நான் இங்கே சொல்வதை நம்பிப் போகாமல், அந்த ஆண்டுக்கான விதிப்புத்தகத்தைத் தரவிறக்கி வரிவரியாகப் படியுங்கள்.

டேக் கிடைத்ததும் வரைபடத்தை விரியுங்கள். செயற்கைக்கோள் படத்தில் தேட வேண்டியது இவை: மரவரம்பை ஒட்டிய பச்சைப் பள்ளம், அதன் மேல்விளிம்பில் நிழல் தரும் பாறைச் சுவர், பள்ளம் முழுவதையும் எதிரிலிருந்து பார்க்க ஒரு மேடு, நடைபாதையிலிருந்து ஒரு மலைமுகடு தள்ளி. அப்படி ஐந்தாறு இடங்களைக் குறித்து வையுங்கள். முதல் பள்ளத்தில் கூடாரமோ ஆட்டு மந்தையோ இருந்தால் இரண்டாவதற்குப் போக வேண்டுமல்லவா! தனியார் நில எல்லை காட்டும் வரைபடச் செயலி ஒன்றைப் போனில் ஏற்றி, அந்தப் பகுதியை முன்பே சேமித்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் இருக்காது. சான் ஹுவானில் உள்ள வெமினூச் போன்ற வனப்பாதுகாப்புப் பகுதிகளில் மோட்டார் வண்டி மட்டுமல்ல, மிதிவண்டிக்கும் சக்கரம் வைத்த தள்ளுவண்டிக்கும்கூட அனுமதியில்லை. எல்லாம் முதுகில்தான், அல்லது குதிரையில்.

இந்த மலைகள் யூட் பழங்குடியினரின் வேட்டை நிலம். 1874இல் நடைமுறைக்கு வந்த புருனோ ஒப்பந்தத்தில் நிலத்தை இழந்தபோதும் அங்கே வேட்டையாடும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அந்த உரிமையோடு அங்கே வேட்டையாடுகிறார்கள். நாம் காலடி வைப்பது யாருடைய பாதையில் என்று தெரிந்து போவது நல்லது.

வில்

இரு முனையிலும் சக்கரம் வைத்த கம்பௌண்ட் வில் போதும். கொலராடோவில் வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும். மியூல் மானுக்கு 50 முதல் 65 பவுண்டு வசதியாக இருக்கும். உட்கார்ந்தபடி, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், நேராக நெஞ்சுக்கு முன்னால் வைத்து மெதுவாக இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் இழுவிசை அதிகம், குறைத்துவிடுங்கள். அம்பு முனையோடு சேர்த்து 400 முதல் 500 கிரெய்ன், அதாவது 26 முதல் 32 கிராம். முனை சவரக்கத்திபோல இருக்க வேண்டும். அம்பு துப்பாக்கிக் குண்டுபோல அதிர்ச்சியால் கொல்வதில்லை, அறுத்து இரத்தப்போக்கால் கொல்கிறது. மழுங்கிய முனையோடு போவது அந்த விலங்குக்குச் செய்கிற கொடுமை.

பயிற்சி முனையும் வேட்டை முனையும் ஒரே இடத்தில் போய்த் தைக்கும் என்று நம்ப வேண்டாம். வில் சரியாகச் சீர்செய்யப்படாவிட்டால் 40 கஜத்தில் ஒரு சாண் தள்ளிப் போகும். ஜூலைக்குள் வேட்டை முனையோடு எய்து பார்த்து, வில் கடைக்காரரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு காகிதத் தட்டு அளவு. 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தூரத்தை அந்தத் தட்டுதான் முடிவுசெய்ய வேண்டும். காலையில் எழுந்ததும், உடம்பு சூடாகாமல், ஒரே ஓர் அம்பு. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் மறுபடி ஒன்று. இப்படிப் பத்து நாளில் பத்து அம்பும் தட்டில் தைக்கிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 30 கஜம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் பயிற்சியை 60 கஜம் வரை செய்யுங்கள், 30 கைக்கு எளிதாகிவிடும். முழங்காலிட்டு, சரிவில் நின்று, பையை மாட்டிக்கொண்டு, படியேறி மூச்சு வாங்கிய கையோடு எய்து பழகுங்கள். தோட்டத்தில் நேராக நின்று எய்கிற வாய்ப்பு மலையில் ஒருமுறைகூட எனக்கு வந்ததில்லை.

சரிவில் எய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. அம்பு விழுவது கிடைத்தூரத்தைப் பொறுத்தது. 30 பாகைச் சரிவில் 40 கஜம் கீழே நிற்கும் மானுக்குக் கிடைத்தூரம் 35 கஜம்கூட இல்லை. 40 என்று எய்தால் அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். சரிவைக் கணக்கிட்டுத் தூரம் சொல்லும் கருவியான ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குங்கள். இடுப்பை வளையுங்கள், தோளை வளைக்காதீர்கள்.

மூட்டையும் உயரமும்

கூடாரம், மைனஸ் 10 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக், மழைச்சட்டை, இறகு ஜாக்கெட், அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, முதலுதவி, தலைவிளக்கு இரண்டு, கத்தி, துணியால் ஆன இறைச்சிப் பைகள், பத்து மீட்டர் கயிறு. உணவு நாளுக்கு 800 கிராம் அளவில். செப்டம்பரில் பகலில் வெயில் சுடும், இரவில் வடிகட்டி உறைந்துவிடும். உறைந்த வடிகட்டி வெடித்துப் பயனற்றுப் போகும், அது வெளியே தெரியாது. இரவில் அதைப் படுக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஓடைநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமல் குடிக்க வேண்டாம். ஜியார்டியா கிருமி வயிற்றை வாரக்கணக்கில் படுத்தும்.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று கட்டாயம். ஒவ்வொரு இரவும் வீட்டுக்கு ஒரு வரி அனுப்புங்கள். எங்கே நுழைகிறீர்கள், எந்த நாளில் வெளியே வருவீர்கள், வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாக வந்து, 2,500 மீட்டர் உயரத்தில் தூங்கிவிட்டு ஏறுங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் அன்றைக்கு ஏறாதீர்கள். ஓய்வெடுத்தும் கூடினால், நடை தள்ளாடினால், மூச்சு அடங்காவிட்டால், இரவென்றும் பார்க்காமல் கீழே இறங்குங்கள். இன்னொன்று இடி. கோடையிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மதியத்துக்குமேல் மேகம் திரளும். அந்த நேரத்தில் மொட்டை முகட்டில் இருக்கக் கூடாது. எந்த மானும் அதற்கு ஈடில்லை.

கொலராடோவில் கருங்கரடி உண்டு. உணவைக் கூடாரத்திலிருந்து 100 கஜம் தள்ளி மரத்தில் கட்டுங்கள். வயோமிங்கின் வடமேற்கு, மொன்டானா பக்கம் போனால் கிரிஸ்லி கரடியும் உண்டு. அங்கே கரடி ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் அல்ல.

உட்கார்ந்து பார்ப்பது

புதியவர்கள் தோற்பது இங்கேதான். மலைக்கு வந்தவுடன் கால் பரபரக்கும், அடுத்த முகட்டைப் பார்க்கத் தோன்றும். முதல் ஆண்டு நான் நாளுக்கு 15 கிலோமீட்டர் நடந்தேன். ஐந்து நாளில் பார்த்தது மூன்று மான்களின் பின்புறம். இரண்டாம் ஆண்டு ஒரே மேட்டில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். காலியென்று நினைத்திருந்த பள்ளத்தில் ஏழு ஆண் மான்கள் இருந்தன.

இருட்டு விலகுவதற்கு அரைமணி முன்பே மேட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரியாதபடி, பாறைக்கோ குட்டை மரத்துக்கோ முன்னால். 10 மடங்கு பைனாக்குலரை டிரைபாட்டில் மாட்டுங்கள். கையில் பிடித்துப் பார்ப்பதற்கும் டிரைபாட்டில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லித் தெரியாது, ஒருமுறை செய்துபார்த்தால் பிறகு விடமாட்டீர்கள். அசையாத படத்தில்தான் அசைகிற காது தெரியும்.

முதல் ஒளியில் திறந்த பச்சையை வேகமாக ஒருமுறை துழாவுங்கள். மேய்கிற மான் அப்போதே தென்படும். வெயில் ஏறியபின் முறை மாற வேண்டும். சரிவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிழல்களை மட்டும் பாருங்கள். முழு மானைத் தேடாதீர்கள். செங்குத்தாக வளர்ந்த செடிகளுக்கு நடுவே கிடையாக ஒரு கோடு, பாறைநிழலில் வெளுத்த மூக்கு, குச்சிபோலத் தெரிந்து திரும்புகிற கொம்பு நுனி. அவ்வளவுதான் தெரியும். பார்த்த கட்டத்தையே கால்மணி கழித்து மறுபடி பாருங்கள். படுத்திருக்கும் மான் நிழல் நகர நகர எழுந்து இரண்டடி தள்ளிப் படுக்கும். பத்து மணிக்குக் காலியாக இருந்த பாறையடியில் பதினொன்றுக்கு ஒரு மான் இருக்கும்.

கண்ட உடனே கிளம்பவும் கூடாது. அது மேய்ந்து முடித்து, படுத்து, அசைபோட ஆரம்பிக்கும்வரை காத்திருங்கள். முதல் படுக்கையும் நிரந்தரமல்ல. வெயில் பட்டதும் எழுந்து அடுத்த நிழலுக்குப் போகும். அந்த இரண்டாவது படுக்கைதான் சில மணிநேரம் நீடிப்பது. அதைப் பார்த்தபின் எழுந்தால் போதும்.

நெருங்குவது

மியூல் மானின் கண்ணுக்கு அசைவு சட்டென்று படும். காது பெரிது. ஆனாலும் கண்ணில் பட்டால் சில நொடி நின்று பார்க்கும், ஓசைக்குக் காதைத் திருப்பும். மூக்கில் மனித வாடை பட்டால் மட்டும் யோசிக்காமல் போய்விடும்.

ஆகவே காற்று. மலையில் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழ்நோக்கி இறங்கும். வெயில் பட்டுத் தரை சூடானதும் மேல்நோக்கி ஏறும். மாலையில் மறுபடி இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மணிநேரம் அது எங்கும் போகாமல் சுழலும். அந்த ஒரு மணிநேரம் மானின் அருகில் இருக்கவே கூடாது. ஆண் மான் பெரும்பாலும் சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கில், முதுகுக்குப் பின்னே பாறையோ மரமோ இருக்க, கீழே பார்த்தபடி படுக்கும். காற்று உறுதியாக மேலேறத் தொடங்கியபின், பெரிய வட்டமாகச் சுற்றிப் போய், அதற்கு மேலேயிருந்து இறங்க வேண்டும். சிறு குப்பியில் நைசான பொடி வைத்துக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒருமுறை ஊதிப் பாருங்கள். பெரிய மேகம் ஒன்று சூரியனை மூடினாலே ஏறுகிற காற்று நின்று இறங்க ஆரம்பிக்கலாம். எனக்கு நடந்திருக்கிறது. 50 கஜம் வரை இரண்டரை மணிநேரம் தவழ்ந்து போனேன், மேகம் வந்தது, பின்கழுத்தில் குளிர் பட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் மான் எழுந்துவிட்டது. இப்போதெல்லாம் வானத்தில் மேகம் நகர்ந்து வருவதைக் கண்டால் பின்வாங்கிக் காத்திருக்கிறேன்.

கிளம்புமுன் போனில் அந்த இடத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் சரிவும் மேலேயிருந்து பார்க்கும் சரிவும் ஒரே சரிவு என்று நம்பவே முடியாது. தனித்துத் தெரிகிற பாறை, பட்டுப்போன மரம், பனித்திட்டு என்று நான்கைந்து அடையாளம் குறித்து, மானிலிருந்து அவை எந்தப் பக்கம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற மான்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். பெரிய மானை மட்டும் பார்த்துக்கொண்டு போய், புதர் மறைவில் படுத்திருந்த இளம் மானை எழுப்பிவிடுவது வழக்கமாக நடக்கிற பிழை. மார்மட் என்கிற மலை அணில் வகை ஒன்று, ஆளைக் கண்டால் விசிலடிக்கும். அது அடித்தால் அசையாமல் நில்லுங்கள், அடங்கும்வரை.

150 கஜத்தில் பையை இறக்கி வைத்து, அந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 100 கஜத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொள்ளுங்கள். இனி ஒவ்வோர் அடியும் காலால் தரையைத் தடவிப் பார்த்தபின். காற்று வீசி இலை சலசலக்கும்போது நகருங்கள், அடங்கும்போது நில்லுங்கள். கடைசி 100 கஜத்துக்கு இரண்டு மணிநேரம் ஆனால் அது மெதுவல்ல, சரியான வேகம்.

உங்கள் தூரத்துக்குள் வந்ததும் அதை எழுப்பக் கல்லெறிவது, ஓசையெழுப்புவது எதுவும் வேண்டாம். திடுக்கிட்டு எழும் மான் ஓடத் தயாராகவே எழும். தானாக எழும் மான் முதுகை நெளித்துச் சோம்பல் முறிக்கும், சுற்றும் பார்க்கும், ஓரடி வைக்கும். அந்தச் சில நொடிக்குத்தான் நீங்கள் வந்தீர்கள். அதற்காக மூன்று மணிநேரம் ஒரே இடத்தில் குந்தியிருக்க நேரலாம். சுற்றியுள்ள பாறை, புதர் ஒவ்வொன்றின் தூரத்தையும் அளந்து வைத்துக்கொண்டு, அம்பை நாணில் பூட்டிக் காத்திருங்கள். தலை மறைந்தபோதோ வேறு பக்கம் திரும்பியபோதோ இழுங்கள்.

அம்பை விடுவதும் விடாதிருப்பதும்

மான் பக்கவாட்டில் நின்றால் முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவுக்கும் இடையே. கொஞ்சம் அப்பால் திரும்பி நின்றால் எதிர்ப்பக்க முன்காலை நோக்கி. இந்த இரண்டைத் தவிர வேறெந்த நிலையிலும் எய்யாதீர்கள். நேருக்கு நேர், படுத்த நிலை, பின்புறம், நடந்துகொண்டிருப்பது எல்லாமே வேண்டாம்.

உங்களையே உற்றுப் பார்க்கும் மான்மீதும் எய்யாதீர்கள். 60 கஜத்தைக் கடக்க அம்புக்கு அரை நொடிக்கு மேல் ஆகும். நாணின் ஓசை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். விழிப்பாக இருக்கும் மான் துள்ளுவதற்காக உடம்பைத் தாழ்த்தும், நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் பாயும். இறங்கி எடுக்க முடியாத பாறை இடுக்கு கீழே இருந்தாலும், இருட்ட இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தாலும் நாணைத் தளர்த்திவிடுங்கள். காயப்பட்டுக் காணாமல் போன மான் உங்கள் மனத்தைவிட்டுப் போகாது.

விட்டபின் அங்கேயே உட்காருங்கள். எந்த மரத்தின் பக்கம் கடைசியாகப் பார்த்தீர்களோ அதைப் போனில் குறியுங்கள். அரைமணி கழித்து, மான் நின்ற இடத்துக்கு மட்டும் போய் அம்பைத் தேடுங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். மான் பெரும்பாலும் 150 கஜத்துக்குள் விழுந்திருக்கும். கரும்சிவப்பு என்றால் ஈரல். நான்கு முதல் ஆறு மணிநேரம் பொறுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்து நாற்றமடித்தால் குடல். எட்டு மணிநேரத்துக்குக் குறையாமல் விலகியிருங்கள். உடனே தொடர்ந்தால் படுத்த மான் எழுந்து மலை தாண்டிப் போய்விடும். ஒவ்வோர் இரத்தத் துளியிலும் ஒரு துண்டுக் காகிதத்தை வையுங்கள். சுவடு அறுந்தால் திரும்பிப் பார்க்க அந்த வரிசையே வழிகாட்டும். திரும்பும்போது அந்தக் காகிதங்களை எடுக்க மறக்காதீர்கள்.

இறைச்சி

மானைக் கண்டதும் முதலில் விதிப்படி டேக்கை நிரப்புங்கள். அப்புறம் கத்தி. வெயிலில் கிடக்கிற மான் உள்ளிருந்தே கெடும், தொடை எலும்பை ஒட்டித்தான் முதலில் புளிக்கும். ஆகையால் தோலை உடனே உரித்து வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்.

வயிற்றைக் கிழிக்காமலே முழு இறைச்சியையும் எடுக்கலாம். மானை ஒருக்களித்துக் கிடத்தி, முதுகுத்தண்டு நெடுகத் தோலைக் கீறி உரியுங்கள். முன்சப்பை எலும்பு மூட்டில்லாமல் சதையால்தான் ஒட்டியிருக்கும், கத்தியை உள்ளே விட்டால் கையோடு வந்துவிடும். அடுத்துப் பின்தொடை, இடுப்பு மூட்டின் பந்தைக் கண்டுபிடித்து அறுக்க வேண்டும். பிறகு முதுகுத்தண்டை ஒட்டிய நீளச் சதை, கழுத்துச் சதை. மறுபக்கம் புரட்டி அதேபோல. கடைசியாக விலாவுக்குப் பின்னே கையை விட்டு, உள்முதுகுச் சதை இரண்டையும் எடுங்கள். உண்ணத் தகுந்த இறைச்சியை விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். பாலினத்துக்கான சான்றும் ஒரு துண்டோடு இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும். எது என்று விதிப்புத்தகம் சொல்லும்.

ஒவ்வொரு துண்டையும் துணிப்பையில் போட்டு, காற்றோடுகிற நிழலான கிளையில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், வியர்த்துக் கெட்டுவிடும். இரவுக் குளிரில் இறைச்சி நன்றாக ஆறிவிட்டால், நிழலில் இன்னொரு நாள் தாங்கும். முதல் சுமையில் எடைமிகுந்த தொடைகளைக் கொண்டுபோங்கள். கைத்தடி இரண்டு இல்லாமல் 30 கிலோவோடு கற்சரிவில் இறங்காதீர்கள். வண்டியில் பனிக்கட்டியோடு பெரிய குளிர்பெட்டி முன்பே காத்திருக்க வேண்டும்.

ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. மான்களின் மூளையைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய் 1967இல் கொலராடோவில், அடைத்து வளர்த்த மியூல் மான்களிடம்தான் முதலில் கவனிக்கப்பட்டது. இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பதே மருத்துவத் துறையின் அறிவுரை. தலையை மாநில அலுவலகத்தில் கொடுத்தால் கழுத்து நிணநீர்க் கட்டியை எடுத்துச் சோதிப்பார்கள். மூளை, தண்டுவடம் இருக்கும் எலும்பை வெட்டாதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை பொட்டலம் கட்டி, மானின் எண்ணையும் தேதியையும் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள்.

முடிவு நல்லபடியாக வந்தபின் சமையல். இந்த இறைச்சியில் கொழுப்பே கிடையாது, ஆட்டிறைச்சி என்று நினைத்து எல்லாவற்றையும் குக்கரில் ஏற்றிவிடாதீர்கள். முதுகுச் சதையை இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி, உப்பும் மிளகும் தடவி, இரும்புக் கல்லில் நெய் விட்டு, ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் மட்டும். முன்சப்பைக்கும் கால் துண்டுகளுக்கும்தான் நீண்ட நேரம் வேண்டும். சின்ன வெங்காயம், மிளகு, மல்லி வறுத்தரைத்து மூன்று மணிநேரம் மெல்லிய தீயில் வைத்தால் நரம்பெல்லாம் கரைந்து குழம்பு கெட்டியாகும். தொடையை மெல்லிய நாடாவாக அரிந்து, மஞ்சளும் உப்பும் மிளகாயும் பிரட்டிக் காயவைத்து உப்புக்கண்டம் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மேட்டில் உட்கார்ந்திருக்கும்போது மென்றுகொண்டிருக்க உதவும்.